இடது காதால் கேட்டது

பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் பாட்டு டீச்சராக இருந்தேன். என் முகத்துக்கு நேரே "டீச்சர்", முதுகுக்குப் பின்னால் "பாம்புக் காது". அந்தப் பட்டப்பெயர் எனக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளுக்குள் எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது மூன்றாவது வரிசையில் யார் சறுக்குகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தக் காதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெருமைக்காக இல்லை.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என்றால் கறிவேப்பிலைதான். மந்திரி வருகிறாரா, வரவேற்புப் பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். தேர்வு வருகிறதா, பாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். எங்களுக்கென்று ஓர் அறைகூடக் கிடையாது. சைக்கிள் கொட்டகையில்தான் பயிற்சி. பள்ளிக்கும் கடலுக்கும் நடுவே மூன்றே தெருக்கள். உப்புக் காற்றில் சைக்கிள் மணிகள் துருப்பிடித்தன, என் ஆர்மோனியத்துக்குள் இருந்த பித்தளை நாக்குகளும் பச்சை பூத்தன. மழைக்காலத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து முனகும். கடைசியில் பயிற்சிக்கு அதை எடுப்பதையே விட்டுவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்சாரச் சுருதிப்பெட்டி வாங்கினேன். ஐந்தரைக் கட்டையில் வைத்தால் நாள் முழுக்க அசையாமல் நிற்கும். மனுஷர்களைவிட அதைத்தான் அதிகம் நம்பினேன்.

சேர்ந்திசையில் ஒருத்தி பிசகினால் நாற்பது பேரும் பிசகியதாகத்தான் கேட்கும். அந்த ஒருத்தியைப் பிடிக்க நானே ஒரு முறை வைத்திருந்தேன். சுருதிப்பெட்டியை வலது கையில் எடுத்து வலது காதோரம் பிடித்துக்கொள்வேன். எல்லாரும் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்கும் பக்கத்தில் இடது காதைக் கொண்டுபோவேன். ஒரு காதில் சுருதி, மறு காதில் பிள்ளை. இரண்டும் ஒட்டினால் தலையாட்டிவிட்டு அடுத்தவளிடம் போவேன். ஒட்டாவிட்டால் 'ஏத்து' என்றோ 'இறக்கு' என்றோ கையைக் காட்டுவேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குரலை நகர்த்தும். நான் தலையாட்டும் இடத்தில் நிறுத்திக்கொள்ளும்.

மூன்று தடவை சொல்லியும் திருந்தாதவளுக்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். "நீ வாயை மட்டும் அசை." அவ்வளவுதான். மேடையில் நாற்பது பேர் நின்றால்தான் நிறைவாகத் தெரியும், அதனால் யாரையும் வெளியே அனுப்ப மாட்டேன். வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு நிற்கலாம், கைதட்டலில் பங்கு உண்டு, சத்தம் மட்டும் வரக் கூடாது. அதை நான் கருணை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பிரம்பு கிடையாது. நாக்கு இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தப் பெண் வீராம்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் எடுத்து வந்து டவுனில் தெருத் தெருவாக விற்கிறவர். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பு முழுவதையும் பாடச் சொல்லிவிட்டு வராந்தாவில் நின்று கேட்டேன். ஒரு குரல் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. கரையில் நின்றபடி படகில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பழகிய வீட்டுக் குரல். மெருகு கிடையாது, ஆனால் வைத்த இடத்தில் நின்றது. அன்றைக்கே சேர்ந்திசையில் சேர்த்தேன். முதல் வரிசையில் இடது ஓரம் அவளுடைய இடம் ஆயிற்று. "அவளைக் கேட்டுப் பிடிச்சுக்குங்கடி" என்று மற்றவர்களிடம் சொல்வேன். ஐந்து வருஷம் அவளைப் பிடித்துக்கொண்டுதான் என் சேர்ந்திசை நின்றது. ஒரு நாள்கூட அவளை நான் பாராட்டியதில்லை. பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடும் என்பது என் எண்ணம். என் தலைக்கனத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவள் பதினொன்றாம் வகுப்பு வந்த வருஷம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. காய்ச்சல் போனது, இடது காதில் ஒரு வண்டு மட்டும் தங்கிவிட்டது. ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். டாக்டரிடம் போகவில்லை. பாட்டு டீச்சருக்குக் காதில் கோளாறு என்று தெரிந்தால் ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கும். ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் இருந்தன. பாம்புக் காது என்று பேர் வாங்கியவள் போய் எந்த வாயால் சொல்வது? யாரிடமும் மூச்சு விடவில்லை.

லீவு முடிந்து கொட்டகைக்குத் திரும்பினால், பிள்ளைகள் எல்லாரும் சுருதிக்கு மேலே பாடினார்கள். அப்படித்தான் எனக்குக் கேட்டது. பத்து நாள் நான் இல்லாததில் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டார்கள் என்று எரிச்சல் மண்டியது. வரிசை வரிசையாகப் போய் "இறக்கு, இறக்கு" என்று கையைக் காட்டினேன். இறக்கினார்கள். நான் தலையாட்டிய இடத்தில் நின்றுகொண்டார்கள். ஒரு வாரத்தில் முப்பத்தொன்பது பேரையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒருத்தி மட்டும் வரவில்லை.

"இறக்குடி."

அவள் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. குரல் கொஞ்சம் இறங்கியது, மறுபடி பழைய இடத்துக்கே போய் நின்றது.

"காது கேக்குதா இல்லையா உனக்கு?"

"கேக்குது டீச்சர்."

"அப்புறம் ஏன் நீ மட்டும் தனியாப் போறே? இத்தனை பேர் ஒரு இடத்துல நிக்கிறாங்க, உனக்கு மட்டும் கொம்பா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். எனக்கு அது திமிராகப் பட்டது. மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் எல்லார் முன்னாலும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "நீ வாயை மட்டும் அசை."

இடது ஓரத்திலிருந்து பின் வரிசைக்குப் போனாள். அழவில்லை.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டி அந்த வருஷம் நடந்தது. வாத்தியம் கூடாது, சுருதிப்பெட்டி மட்டும் என்பது விதி. ஆறு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவர்கள் நாங்கள். அன்றைக்கு எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. நடுவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னா டீச்சர், உங்க பிள்ளைங்க சுருதியை விட்டு எறங்கிக்கினே போறாங்க?" என்று கேட்டார். நான் அப்படியே குன்றிப்போனேன். எறங்கி என்று அவர் சொன்னதை யோசித்திருக்க வேண்டும். எனக்கு ஏறித்தானே கேட்டது? யோசிக்கவில்லை. சுருதி விலகியது என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. விலகினால் அதற்குக் காரணம் ஒருத்திதான்.

பள்ளி வேனில் ஏறும் முன்பு அவளை நிறுத்தினேன்.

"வாயை மட்டும் அசைன்னு சொன்னேனா இல்லையா? ஏண்டி பாடினே?"

"நான் பாடவே இல்ல டீச்சர்."

"பொய் வேறயா?"

"சத்தியமா பாடல டீச்சர். பக்கத்துல நின்னவங்களக் கேளுங்க."

நான் யாரையும் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நாற்பது குரலைப் பிரித்துக் கேட்ட காது இருக்கும்போது யாரைக் கேட்பது? வேனில் எல்லாரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தோற்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் சமயம், இசைக் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தாள். கூடவே அவள் அம்மாவும் வந்தார். வாசலில் கூடையை வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். விண்ணப்பத்தில், பள்ளியின் இசை ஆசிரியர் தன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கட்டம் இருந்தது.

"படிப்பு சுமாராத்தான் வருது டீச்சர். பாட்டு வருது இல்ல? வூட்ல வேற பேச்சே கெடையாது, அந்தக் காலேஜ்தான் வேணும்ன்றா. அவங்கப்பா கல்யாணத்த முடிச்சிடலாம்ன்றாரு. நீங்க ஒரு வார்த்த எழுதினா போதும், நான் அவர சமாளிச்சிக்குவேன்."

எதையும் மறைத்து எழுதக் கூடாது என்பது என் கொள்கை. பேனாவைத் திறந்து எழுதினேன். 'குரல் வளம் உண்டு. இந்த மாணவிக்குச் சுருதி நிற்காது.' கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கும்பிட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். பெண் அங்கேயே நின்று வாசித்தாள். மடித்து நோட்டுக்குள் வைத்தாள். "வரேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். விண்ணப்பத்தை அவள் கொடுக்கவே இல்லை, அடுத்த தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது என்று எழுதினால் பொய்.

ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். நாலு பேர் என் காதைப் புகழ்ந்து பேசினார்கள். உழவர்கரையில் வீடு, மாடியில் துளசியும் ரோஜாவும், பிரான்ஸில் இருக்கும் மகனின் ஞாயிற்றுக்கிழமை ஃபோன். அந்த ஃபோனில்தான் முதலில் உதைத்தது. வலது காதில் வைத்தால் மகன் பேசுவான். இடது காதுக்கு மாற்றினால் அவன் குரலே மெலிந்து, வேறு யாரோ பேசுவது போல இருக்கும். "அம்மா, டாக்டரைப் பாரேன்" என்று நச்சரித்தான். இனிமேல் மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று போனேன்.

காது பரிசோதிக்கிற பெண்ணுக்கு என் கடைசி மாணவிகளின் வயதுதான் இருக்கும். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, ஒரு காதில் ஒரு சத்தம், மறு காதில் ஒரு சத்தம் என்று மாற்றி மாற்றி விட்டாள்.

"ரெண்டும் எப்படி இருக்கு அம்மா?"

"இடது பக்கம் விட்டது அரைக் கட்டை மேலே" என்றேன். தொழில் பேச்சு, தன்னால் வந்துவிட்டது.

அவள் திரையைப் பார்த்தாள், மறுபடியும் விட்டாள். "இல்ல அம்மா, ரெண்டும் ஒண்ணுதான். உங்க இடது காது தூக்கிக் கேக்குது. சில பேருக்கு இப்படி ஆகும். எத்தன வருஷமா இருக்கு?"

காய்ச்சல் வந்து எட்டு வருஷம். அந்த அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு முதுகு முழுக்க வேர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பழைய செல்ஃபோனைத் தேடி எடுத்தேன். பயிற்சிகளையெல்லாம் அதில் பதிவு பண்ணி வைப்பது என் வழக்கம், காதை நம்பி ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்டதில்லை. சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த வருஷத்துப் பதிவு ஒன்றைப் போட்டு, வலது காதில் மட்டும் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டேன். முதலில் சுருதிப்பெட்டி. அப்புறம் பிள்ளைகள் தொடங்கினார்கள், சரியாகத்தான் தொடங்கினார்கள். என் செருப்புச் சத்தம் நடக்கிறது. "இறக்கு" என்கிறேன். ஒவ்வொருத்தியாக இறங்குகிறாள். பெட்டி ஓரிடத்தில் நிற்க, முப்பத்தொன்பது பேரும் அதற்குக் கீழே சேற்றில் கால் வைத்ததுபோலப் புதைந்துகொண்டே போகிறார்கள். ஒரே ஒரு குரல் பெட்டியோடு ஒட்டி நிற்கிறது. இம்மி பிசகவில்லை. அதன் மேல்தான் என் குரல் விழுகிறது. "இத்தனை பேர் ஒரு இடத்துல நிக்கிறாங்க, உனக்கு மட்டும் கொம்பா?"

இயர்ஃபோனைப் பிடுங்கி எறிந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தேடி எடுத்து மறுபடியும் கேட்டேன். மூன்று நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்குப் பிறகு நான் வாயை மட்டும் அசைக்கச் சொன்ன மற்ற பிள்ளைகளின் முகங்களும் வந்தன. அவர்களில் யார் உண்மையாகவே பிசகியவள், யார் நிரபராதி என்று பிரிக்க என்னிடம் இப்போது எதுவும் இல்லை.

நான்காம் நாள் ஒரு சான்றுக் கடிதம் எழுதினேன். பத்துத் தடவை கிழித்து எழுதிய கடிதம். இந்த மாணவி ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் பாடியவள், என் அனுபவத்தில் இவளைப் போலச் சுருதி நிற்கும் குரலை நான் கேட்டதில்லை, முன்பு நான் எழுதியது என் காதின் பிழை. கையெழுத்துப் போட்டேன். வீராம்பட்டினம் போய் விசாரித்தால், "காலைல தேங்காத்திட்டுக்குப் போங்க, மீனு எடுக்க அந்தப் பொண்ணு அங்கதான் வரும்" என்றார்கள்.

காலை ஆறரைக்கெல்லாம் துறைமுகத்தில் இருந்தேன். படகுகளிலிருந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் உடைக்கும் சத்தம், வண்டிச் சத்தம், ஏலக்காரர்களின் கூச்சல். இடது காதில் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். நான் அவளைத் தேடும் முன்பே அவள் என்னைப் பார்த்துவிட்டாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. ரப்பர் செருப்பு, இடுப்பில் சொருகிய புடவை.

"டீச்சரா? இன்னா டீச்சர் இவ்ளோ தூரம்? மீனு வாங்கவா? சொல்லி வுட்டிருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே."

அந்த அன்பு எனக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டேன். காய்ச்சல், வண்டு, நான் மறைத்தது, டாக்டர், பதிவு, எல்லாம். "நீ சரியாத்தான் பாடியிருக்கே. நான்தான் தப்பாக் கேட்டேன்" என்றேன்.

அவள் என் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. "இந்தப் பக்கம் வாம்மா" என்று வலது காதைக் காட்டினேன். சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"தெரியும் டீச்சர்னு சொன்னேன்."

"என்ன தெரியும்?"

"பெட்டி ஒரு எடத்துல நிக்குது, நீங்க வேற எடத்துல தலையாட்றீங்க. எல்லாருக்குமே தெரியும். டீச்சர் தலையாட்ற எடத்துலயே நிறுத்திக்கலாம்னு இன்டர்வல்ல பேசி வெச்சிக்கினாங்க. என்னியும் அப்படியே பாடுடின்னாங்க. நானும் பாத்தேன். பெட்டி ஓடிக்கினு இருக்கும்போது எனக்கு எறங்க வரல."

நாற்பது பிள்ளைகள். ஒரு வருஷம். வேனில் குனிந்திருந்த தலைகள் ஞாபகத்துக்கு வந்தன.

"ஒருத்தியாவது எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்ககிட்டயா டீச்சர்?"

அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. வியந்துதான் கேட்டாள். கடலிடம் போய்க் கொஞ்சம் தள்ளிப் போ என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இப்ப பாடுறியா?"

"எங்க டீச்சர்? எம் பொண்ணு தூங்கலன்னா செல்லுல பாட்டு போட்டு வுட்டுடுவேன்."

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, ஈரம் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினாள். முழுவதும் வாசித்தாள். அன்றைக்குப் பள்ளியில் நின்று வாசித்தது போலவே, அவசரப்படாமல் வாசித்தாள். அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். கலங்கவில்லை. மடிப்புக் கலையாமல் மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், அடுத்த படகின் ஏலம் தொடங்கிவிட்டது. அவள் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு, என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து என் வலது காதோரம் குனிந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா இத இப்ப நான் யார்கிட்ட காட்டறது?"

அத்தனை கூச்சலிலும் ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.